டெல்டாவில் பூவும் தேனீயும்: மேக்ரோ படம் எடுக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

பூசணிப் பூ விடியும்போது விரியும். பத்து மணி வாக்கில் வாயை மூடிக்கொள்ளும். காலைப் பலகாரத்தை முடித்துவிட்டுக் கும்பகோணத்திலிருந்து பைக்கை எடுத்து ஒன்பதரைக்கு வந்து சேர்கிறவருக்குச் சுருங்கிய இதழும் ஏறிவிட்ட வெயிலும்தான் மிச்சம். அப்புறம் அவர் லென்ஸைக் குறை சொல்வார். மேக்ரோ படங்களில், அதாவது சின்னப் பொருளை மிகக் கிட்டத்தில் பெரிதாகக் காட்டும் படங்களில், கண்ணில் படும் தவறுகளில் முக்கால்வாசி இந்த வகைதான். கேமராவைப் பற்றி எல்லாம் தெரியும், பூவைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நேரம் உண்டு. எள்ளுப்பூ விடியற்காலையில் விரிந்து சாயங்காலத்துக்குள் உதிர்ந்துவிடும். சுரையும் புடலையும் பொழுது சாய்ந்த பிறகு வெள்ளை வெளேரென்று விரிவது அந்துப்பூச்சிகளுக்காக. பகலில் போய்ப் பந்தலுக்கடியில் காத்திருந்தால் வாடிய பூதான் கிடைக்கும். பீர்க்கும் மஞ்சளாக இருந்தாலும் மாலையில்தான் விரியும். எருக்கு மட்டும் தாராளம்: நாள் முழுக்கப் பூ, நாள் முழுக்கக் கருவண்டு. நாம் கருவண்டு என்று சொன்னாலும் அது மரத்தைக் குடைந்து கூடு கட்டும் தேனீ இனம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எருக்கிலிருந்து தொடங்கலாம். வண்டும் பெரிது, பூவும் கெட்டி, வாய்க்கால் கரையெல்லாம் கிடக்கிறது. ஆனால் எருக்கம்பால் கையில் பட்டால் கழுவாமல் கேமராவைத் தொடாதீர்கள். அந்தக் கை கண்ணுக்குப் போனால் பெரிய ஆபத்து, பார்வையையே பாதிக்கும்.

அடுத்தது இடத்தேர்வு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது நம் பக்கத்து வழக்கம். மாசியில் கண்ணுக்கெட்டிய தூரம் உளுந்து பூத்து நிற்பதைப் பார்த்ததும், தேனீ மொய்க்கும் என்று பலர் அங்கே உட்கார்ந்துவிடுகிறார்கள். உளுந்துப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். தேனீயை நம்பி அது இல்லை. எள்ளும் பெரிய அளவுக்கு அப்படித்தான், ஆனால் அதன் குழல் பூவுக்குள் தேன் இருப்பதால் தேனீ விடாது. அதனால் உளுந்து வயலைத் தாண்டி எள் கொல்லை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்துத் துளசிச்செடியும், வரப்போரத்துத் தும்பையும் போதும்.

பூச்சியைத் துரத்துவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தேனீ போகும் பூவுக்கெல்லாம் பின்னாலேயே ஓடினால், கடைசியில் கிடைப்பது அதன் பின்புறம் மட்டும்தான். ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள், நல்ல பின்னணி உள்ள பூவில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தேனீ ஒரே வகைப் பூவையே வரிசையாகப் பார்த்துக்கொண்டு வரும், உங்கள் பூவுக்கும் வரும்.

இதற்குக் கத்தரிச்செடியை விட நல்ல பயிற்சி இடம் கிடையாது. கத்தரிப்பூவின் நடுவில் மஞ்சளாகக் கூம்பு போல நிற்கும் மகரந்தப்பைகளின் நுனியில் சின்னத் துளை மட்டும் இருக்கும். அதைக் குலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற அடுக்குத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருவண்டுக்கும், வயிற்றில் நீலக் கோடுகள் கொண்ட நீலப்பட்டைத் தேனீக்கும் தெரியும். இவற்றில் ஒன்று பறந்து வரும்போது ஒரு ரீங்காரம். பூவின் கூம்பைக் கால்களால் கட்டிக்கொண்டதும் சத்தம் சட்டென்று மாறி ‘ஜ்ஜ்ஜ்’ என்று உச்சத்துக்குப் போகும். அப்போது அது பறப்பதற்கான தசையைத்தான் அதிரவைக்கிறது. இறக்கை மட்டும் மடங்கியே இருக்கும். ஒரு நொடி, கூடிப்போனால் இரண்டு நொடி, இடம் மாறாமல் தொங்கும். வயிற்றில் மஞ்சள் பொடி படிவது தெரியும். அழுத்த வேண்டிய நேரம் அதுதான். கண்ணால் பார்த்து அழுத்துகிறவருக்குத் தாமதமாகிவிடும். காதால் கேட்டு அழுத்துங்கள்.

காற்றை மறந்துவிட்டு நாள் குறிப்பதும் தவறு. ஆடிக்காற்றில் மேக்ரோ எடுக்கிறேன் என்று கிளம்புவது வீண் வேலை. காம்பு அசைந்துகொண்டே இருக்கும், எந்த டிரைபாடும் அதற்கு உதவாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சி வெளியே வராது. தை முடிந்து பங்குனி வரை, விடிந்ததிலிருந்து ஒரு இரண்டு மணி நேரம்: டெல்டாவில் காற்றும் வெளிச்சமும் சேர்ந்து ஒத்துழைக்கும் நேரம் அது. பனி இறங்கிய காலையில் தேனீயும் உடம்பு சூடாகும் வரை மெதுவாகத்தான் நகரும். ஆண் நீலப்பட்டைத் தேனீக்கள் இரவில் புல் தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு தூங்குகிற பழக்கம் உள்ளவை. வெயில் ஏறுவதற்குள் அப்படி ஒரு தண்டைக் கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு உங்களுக்கு யோகம்தான்.

சரி, இனி கேமரா. மேக்ரோ லென்ஸ் வாங்கியவுடன் எல்லாவற்றையும் முழு உருப்பெருக்கத்தில், அதாவது ஒன்றுக்கு ஒன்று அளவில் (பூச்சி எவ்வளவு பெரிதோ, சென்சாரிலும் அதே அளவில் விழும்படி) எடுக்கத் தோன்றும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) அந்த அளவில் லென்ஸின் துளையை எஃப்/8ல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். தேனீயின் கண் தெளிவாக இருந்தால் கொம்பு மங்கிவிடும். பாதி உருப்பெருக்கத்துக்குப் பின்வாங்கினால் அதே எஃப்/8ல் ஆழம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் ஆகிறது. கொஞ்சம் தள்ளி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது புத்திசாலித்தனம். ஆழம் போதவில்லை என்று இன்னும் சிறிய துளையான எஃப்/22க்குப் போகிறவர்களும் உண்டு. அவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் அதை விடச் சிறிய துளை போலவே நடந்துகொள்ளும், ஒளி சிதறிப் படம் முழுக்கவே மொழுமொழுவென்று ஆகிவிடும். எஃப்/8லிருந்து எஃப்/11க்குள் நிற்பது நல்லது. ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை ஒரு நெல்மணி அளவுக்கு முன்னும் பின்னும் சாய்த்துக் கண்ணில் ஃபோகஸ் விழும்போது அழுத்துங்கள். தேனீயின் பக்கவாட்டுக்குக் கேமரா இணையாக இருந்தால் அந்தக் கொஞ்ச ஆழமும் தலை முதல் வால் வரை பயன்படும்.

ஃபிளாஷை அப்படியே அடித்தால் கருவண்டின் முதுகு கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு ட்ரேசிங் பேப்பரை வளைத்து முன்னால் கட்டினால் போதும். ஃபிளாஷின் சக்தியைக் குறைத்து வைத்தால் வெளிச்சம் நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடிக்கும், அசைவும் உறையும். இறக்கை முழுசாக உறைய வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், தேனீ நொடிக்கு 200 தடவைக்கு மேல் இறக்கை அடிக்கிறது. அந்த மங்கல் இருந்தால்தான் பறப்பது போலவே இருக்கும் என்பது என் கட்சி. ஆனால் காலை ஏழு மணிப் படத்தில் பின்னணி கன்னங்கரேலென்று இருப்பதை ஏற்கவே முடியாது. ஃபிளாஷ் எட்டாத தூரத்தில் வயல் இருந்தால் அப்படித்தான் விழும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இல்லையென்றால் பூவுக்குப் பின்னால் ஓர் அடிக்குள் இலை இருக்கிற பக்கமாகப் போய் நில்லுங்கள்.

வெள்ளைத் தும்பையைக் கரும்பச்சைப் பின்னணியில் எடுக்கும்போது கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஒரு படி குறைத்து வையுங்கள். பூசணியின் மஞ்சளில் சிக்கல் வேறு மாதிரி. மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத் தெரியும், சிவப்பு மட்டும் தனியாக வழிந்து இதழின் நரம்பெல்லாம் காணாமல் போயிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மொபைலில் எடுப்பவர்களுக்கு ஒன்று. பல மொபைல்களில் மேக்ரோ என்று வருவது அகலக் கோண லென்ஸ்தான். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை கிட்டப் போனால்தான் பெரிதாகத் தெரியும், அதற்குள் உங்கள் கை நிழல் பூவில் விழுந்து தேனீ பறந்துவிடும். அதை அணைத்துவிட்டு இரண்டு மடங்கு ஜூமில் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள்.

வயலில் இறங்குமுன் கேளுங்கள். “ஐயா, மருந்து அடிச்சு எத்தனை நாளாச்சு?” என்ற கேள்வி உங்கள் மூக்குக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது, அடித்த மறுநாள் தேனீயே இருக்காது. வரப்பில் நடங்கள், பயிருக்குள் முழங்காலிட்டு உட்காராதீர்கள். பனித்துளி வேண்டுமென்று பூவில் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம், நனைந்தால் மகரந்தம் கெட்டுவிடும். பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயங்கவைத்துப் பூவில் ஒட்டவைக்கிற வேலையை என்ன பெயர் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ கோபுரத்திலோ தொங்கும் மலைத்தேன் கூட்டுக்கு மேக்ரோ லென்ஸோடு போகவே கூடாது.

கடைசியாக, பெயர் எழுதுவது. மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டு, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்பதைத் தேனீ என்று போட்டுவிடுகிறோம். பல நேரம் அது தேனீ வேஷம் போட்ட ஈ. ஈக்கு இரண்டே இறக்கை, குட்டையான கொம்பு, முகத்தை அடைத்துக்கொண்டு பெரிய கண். தேனீக்கு நான்கு இறக்கை, நீண்டு மடங்கிய கொம்பு. பூவில் ரொம்ப நேரம் அசையாமல் இருக்கும் தேனீயைப் பார்த்தால் அடியில் எட்டிப் பாருங்கள், இதழின் நிறத்திலேயே ஒரு நண்டுச் சிலந்தி அதைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். அழகான ஒரு கோணத்தோடு நிறுத்தாமல் முகம், முதுகு, பக்கவாட்டில் இறக்கை நரம்பு என்று மூன்று படமாவது எடுத்து வையுங்கள். இனம் கண்டு சொல்கிறவர் முதலில் கேட்பது இறக்கைப் படத்தைத்தான்.