துளசிக் கஷாயப் பொடி வீட்டிலேயே: பட்டையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

2020இல் கொரோனா சமயத்தில் ஆயுஷ் அமைச்சகம் ஒரு கஷாயப் பொடிக்கு அளவு சொன்னது. துளசி 4 பங்கு, லவங்கப்பட்டை 2, சுக்கு 2, மிளகு 1. நோய் எதிர்ப்புச் சக்திக்குத் துணையாகச் சொல்லப்பட்ட கலவை இது. குடித்தால் காய்ச்சலே அண்டாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒருவருக்கு ஒரு மாதத்துக்குத் தேவை: காய்ந்த துளசி இலை 40 கிராம், பட்டை 20, சுக்கு 20, மிளகு 10. மொத்தம் 90 கிராம். ஒரு வேளைக்கு 3 கிராம் வீதம் 30 வேளைக்கு வரும்.

1. துளசியைக் காய வைப்பது

காம்பு நீக்கிய பச்சை இலை கால் கிலோ எடுத்தால்தான் 40 கிராம் தேறும். தொட்டிச் செடி ஒன்றில் இவ்வளவு கிடைக்காது. நாலைந்து செடி வேண்டும். பூக்கடைத் துளசியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாததால் வீட்டுச் செடியே நல்லது. காலையில் பனி ஈரம் உலர்ந்ததும் பறியுங்கள். (துவாதசியில் பறிக்க வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஒரு நாள் முன்பே பறித்துவிடலாம்.) அலசி, துணியில் ஒற்றி, முறத்தில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள்.

வேலூர் வெயில்தான் அடிக்கிறதே என்று மொட்டை மாடியில் கொட்டினால் இலை கறுத்து, வாசனை எல்லாம் போய்விடும். காற்றோட்டமுள்ள நிழல் போதும். கோடையில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் போனாலும் நடு நரம்பில் ஈரம் நிற்கும், பூஞ்சணம் பிடிக்கும். கையில் நொறுக்கினால் சரசரவென்று உதிர வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை.

2. பட்டை

ஆம்பூர் பிரியாணிக்குப் போடுகிற தடித்த, கெட்டியான பட்டை இதற்கு ஆகாது. அது பெரும்பாலும் காசியா இனம். அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். எப்போதாவது பிரியாணியில் சேர்வதால் பாதகமில்லை. ஆனால் தினமும் மாதக்கணக்கில் உள்ளே போனால், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்குத் தொல்லை. வேலூர் நேதாஜி மார்க்கெட் பக்கம் போகும்போது ‘இலங்கைச் சுருள் பட்டை’ என்று கேட்டு வாங்குங்கள். காகிதம் போல மெல்லிய அடுக்குகள் பல சேர்ந்து சுருட்டு மாதிரி சுருண்டிருக்கும், விரலால் ஒடித்தாலே நொறுங்கும், நிறம் வெளிர்பழுப்பு. காசியா ஒரே தடித்த ஓடு. ஒடிக்கவே வலு வேண்டும். பொடியாக விற்பதை வாங்காதீர்கள், எந்தப் பட்டை என்று கண்டுபிடிக்க முடியாது.

3. சுக்கும் மிளகும்

‘சுக்குக்குப் புறநஞ்சு’ என்பார்கள். மேல் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும் சுக்கு சுண்ணாம்பில் தோய்த்ததாக இருக்கலாம்; மங்கிய நிறமே மேல். மிளகில் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அமிழும். பப்பாளி விதை மிதக்கும்.

4. இடிப்பது

சுக்கை முதலில் இடிகல்லில் நசுக்குங்கள். முழுசாகப் போட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும். பிறகு பட்டை, மிளகு, கடைசியில் துளசி. விட்டு விட்டு ஓட்டி, ரவை பதத்தில் நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி மணம் பறந்துவிடும். மாவாகிவிட்டால் வடிகட்டவும் வராது, கஷாயம் சேறு போலாகும்.

வீட்டுத் தராசில் 3 கிராம் சரியாகக் காட்டாது. ஆகவே 30 கிராம் நிறுத்து, வெள்ளைத் தாளில் பத்துக் குவியலாகப் பிரித்துப் பொட்டலம் கட்டுங்கள். ஈரம் படாத கண்ணாடி பாட்டிலில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

5. போடுவது

150 மில்லி தண்ணீரைக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்த பிறகு ஒரு பொட்டலம் போட்டு, 5 நிமிடம் மூடி வையுங்கள். நாலில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சும் கஷாயம் இல்லை இது. கொதிக்க விட்டால் துளசியின் எண்ணெய் ஆவியோடு போய்விடும். வடிகட்டி வெல்லம் சேர்க்கலாம், சர்க்கரை நோயாளிகள் வேண்டாம். எலுமிச்சைச் சாறு பிழிவதானால் ஆறிய பிறகு. ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். நெஞ்செரிச்சல் வந்தால், அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில், நிறுத்திவிடுங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் (மிளகு அதன் அளவை ரத்தத்தில் கூட்டக்கூடும்), அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், கர்ப்பிணிகள், ஈரல் நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கும் அப்படியே. மழைக்காலத்தில் காய்ச்சலோடு கடும் உடம்பு வலி வந்தால் கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தாமல் டெங்குவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.