நாலு பேர் என்ன சொல்வார்கள்: நாம் போடும் தப்புக் கணக்குகள்

திருமங்கலம் பக்கம் ஒரு மண்டபத்தில் அக்கா மகளுக்குச் சடங்கு. நான் மூத்த தாய்மாமன். 51 தட்டு, இரண்டு கிடா, செட்டு மேளம், வேட்டு என்று சீர் கொண்டுபோனேன், அதற்காக வீட்டு நகையை அடகு வைத்திருந்தேன். மைக்கில் என் பெயரையும் தொகையையும் வாசித்தபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. அடகை மீட்க மூன்று வருஷம் ஆனது.

போன தீபாவளிக்கு அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டே அக்கா சொன்னாள்: "ஏன்டா தம்பி, நானா இம்புட்டு கேட்டேன்? வேணாம்னா நீ சங்கடப்படுவியேன்னு பேசாம இருந்துட்டேன்." எனக்கோ, சீர் குறைந்தால் மாமியார் வீட்டில் அவளைக் குத்திக்காட்டுவார்களே என்ற பயம். அந்த மாமியாரும் அன்றைக்கே "உன் தம்பி எதுக்குத்தா இப்படி இழுத்துப் போட்டுச் செய்யுறான்?" என்று கேட்டாராம். ஆக, மூன்று பேருக்கும் வேண்டாத ஒன்றை மூன்று பேரும் சேர்ந்து செய்திருக்கிறோம்.

பெரிய தவறு இதுதான். வெளியே தெரிகிற முகத்தை வைத்து உள்ளே இருக்கிற மனசைக் கணக்குப் போடுகிறோம். நாம் வாயைத் திறக்காததற்குக் காரணம் பயம் என்று நமக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் இருப்பவர் வாயைத் திறக்காவிட்டால் அவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் குடிப்பழக்கம் பற்றி இதே மாதிரி ஆராய்ந்து டெபோரா பிரென்டிஸ், டேல் மில்லர் இருவரும் 1993இல் எழுதினார்கள்: தனியாகக் கேட்டால் பலருக்கும் அந்தக் குடி நெருடலாக இருந்தது, ஆனால் மற்றவர்களுக்கு அது சகஜம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். சடங்குக்கு முன்னால் அக்காவிடம் பத்து நிமிஷம் தனியாகப் பேசியிருந்தால் என் நகை வீட்டிலேயே இருந்திருக்கும்.

சரி, புரிந்துவிட்டது, இனிமேல் நான் செய்முறையே செய்ய மாட்டேன் என்று ஒற்றை ஆளாகக் கிளம்புவது அடுத்த தவறு. மொய் என்பது வெறும் பெருமை இல்லை, கடன். உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதிய ஒவ்வொரு பெயரும் நோட்டில் இருக்கிறது, திருப்பிச் செய்யாமல் நிறுத்தினால் ஏமாற்றிவிட்டான் என்றுதான் பேச்சு வரும், அந்தப் பேச்சில் நியாயமும் உண்டு. வழக்கத்தை உடைக்கக் கூட்டாளி வேண்டும். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த பரிசோதனையில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் அவர் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி தப்பான பதிலைச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்கு தடவை கண்ணுக்கு எதிரே தெரிவதை விட்டுவிட்டு ஆட்கள் கூட்டத்தோடு போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் அது வெகுவாகக் குறைந்தது. நம் மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தனியாகவா போனார்? சாதியைச் சொல்லி அதுவரை உள்ளே விடாமல் வைத்திருந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு போனார், கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடுவின் துணையும் இருந்தது.

அப்புறம் இந்தப் புலம்பல். எங்கள் தெரு முக்கில் குப்பை சேர்கிறது என்று நாங்களே சுவரில் எழுதினோம்: "எல்லாரும் இங்கேயே கொட்டுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?" குப்பை கூடியது. எழுதியது திட்டுதான், ஆனால் படிக்கிறவருக்குப் போய்ச் சேர்ந்தது "எல்லாரும் இங்கேதான் கொட்டுகிறார்கள்" என்ற தகவல். அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள ஒரு தேசியப் பூங்காவில் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு இதை அளந்தே பார்த்தது. பலர் எடுத்துப் போய்விட்டார்கள் என்று வருத்தப்பட்ட பலகை இருந்த இடத்தில் நூற்றுக்கு எட்டுத் துண்டு களவு போனது, எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்ட இடத்தில் இரண்டுகூடப் போகவில்லை. வரதட்சணை பற்றியும் லஞ்சம் பற்றியும் மேடையில் "யார்தான் வாங்கவில்லை" என்று கொதிக்கும்போது இதை யோசியுங்கள். எங்கள் சுவரில் அந்த வரியை அழித்துவிட்டு, "இந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகள் தூய்மைப் பணியாளரிடம் பிரித்துக் கொடுக்கின்றன" என்று எழுதினோம். அதுதான் உண்மையும்கூட. குப்பை முழுசாக நிற்கவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது.

அபராதத்திலும் கவனம் வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபாவில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குக் காப்பகங்கள் அபராதம் போட்டன, தாமதம் கூடியது. கூச்சம் போய்க் கட்டணம் ஆகிவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை.

ஊரே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பதை நான் மிகவும் அஞ்சுகிறேன். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, ஊர்க்கட்டுப்பாட்டால் 1996 தொடங்கிப் பத்து வருஷம் மனுத் தாக்கலே இல்லாமலோ, ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தோ காலம் போனது. 2006இல்தான் முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். ஊர்க்கட்டுப்பாடு என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய உரிமை அடங்கிப்போகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வரும் தை மாதம் அக்காவின் சின்ன மகளுக்குச் சடங்கு. தாய்மாமன்கள் மூவரும் உட்கார்ந்து பேசிவிட்டோம்: ஆளுக்கு ஏழு தட்டு, மைக்கில் வாசிப்பது கிடையாது, வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வோம், புதிதாக ஏற்ற மாட்டோம். அக்காவின் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்க பக்கத்து ஆளுககிட்ட நான் பேசிக்கிறேன்ப்பா, எனக்கும் ரெண்டு மகன் இருக்கான், அவனுகளும் தாய்மாமன்தானே" என்றார்.