மனநோய் ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவைத் தேர்ந்தெடுப்பது எப்படி

மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் ரத்தத்திலோ மூளையிலோ ஏதேனும் ஒன்று கூடியோ குறைந்தோ இருப்பதாகக் காட்டுவது அத்தனை கடினமன்று. அது நோயினால் வந்ததா, நோயோடு வாழ நேர்ந்த வாழ்க்கையினால் வந்ததா என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம். ஆய்வைத் தொடங்கும் மாணவர்கள் பலர் கருவிகளைக் கற்பதில் காட்டும் அக்கறையை, நோயாளர்களோடு ஒப்பிடுவதற்காகச் சேர்க்கும் நலமுடையோர் அடங்கிய ஒப்பீட்டுக் குழுவின் மீது காட்டுவதில்லை என்பதே என் எண்ணம்.

1957இல் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ஓகர்ஃபெல்ட் ஒரு சோதனையை அறிவித்தார். குறிப்பிட்ட வேதிப்பொருளைச் சேர்த்தால், மனச்சிதைவு நோயாளர்களின் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மம்) மற்றவர்களுடையதைவிட விரைவாகச் சிவந்தது. நோயைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை கிடைத்துவிட்டதாகப் பலரும் மகிழ்ந்தனர். ஆனால் அந்த நிறமாற்றத்தைத் தாமதப்படுத்துவது சீரத்திலுள்ள வைட்டமின் சி என்பதும், மருத்துவமனை உணவை உண்டுவந்த நோயாளர்களிடம் அது குறைந்திருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தன. ஏறத்தாழ அதே காலத்தில், நோயாளர்களின் சிறுநீரில் மிகுந்திருந்த சில அமிலங்களுக்கு அவர்கள் குடித்த காபியே காரணம் என்றும் கண்டார்கள்.

ஆகவே முதல் மாதிரியை எடுப்பதற்கு முன்பே, இரு குழுவினரும் நோயைத் தவிர வேறு எவற்றில் வேறுபடக்கூடும் என்று எழுதி வையுங்கள். வயது, பாலினம், உடல் எடை, புகைப்பழக்கம், உணவு, உறக்கம் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. இடறுவது கல்வியில்தான். இளவயதில் தொடங்கும் நோய் படிப்பை இடையில் நிறுத்திவிடுவதால், நோயாளரின் சொந்தப் படிப்புக்கு ஈடாகப் படித்தவரை ஒப்பீட்டுக்கு இணையாகத் தேடினால் நோயின் விளைவையே ஒப்பீட்டிலிருந்து நீக்கியவராவீர்கள். பெற்றோரின் கல்வியைக் கொண்டு இணை தேடுவதே பொருத்தம். எளிதில் கிடைக்கிறார்கள் என்பதற்காக மருத்துவ மாணவர்களையும் செவிலியர்களையும் நலமுடையோர் குழுவில் நிரப்பிவிடாதீர்கள்.

அடுத்தது மருந்து. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 17 முதல் 27 மாதங்கள் வரை மனச்சிதைவுக்கான மருந்துகளான ஹாலோபெரிடால் அல்லது ஓலன்சபின் கொடுக்கப்பட்ட மக்காக் குரங்குகளின் மூளை எடை ஏறத்தாழ 8 முதல் 11 விழுக்காடு வரை குறைந்திருந்தது. அக்குரங்குகளுக்கு மனநோய் ஏதும் இல்லை. எனவே மூளையின் பருமனை அளப்பவர்கள், இதுவரை மருந்து எடுக்காத முதல்முறை நோயாளர்களையோ, அதே மருந்துகளை எடுக்கும் இருமுனை நோயாளர்களையோ, மரபுக் கூறுகளில் பாதியளவு பகிர்ந்துகொண்டும் நோய்வாய்ப்படாத உடன்பிறந்தோரையோ சேர்த்து ஆராய வேண்டும். முதல் வகையினரைத் திரட்டுவது மெல்ல நடக்கும் வேலை. மருந்தைத் தாமதப்படுத்தி அவர்களைத் திரட்டுவதோ அறத்துக்குப் புறம்பானது.

மாதிரி எடுக்கும் முறையும் இரு குழுவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். விழித்த அரைமணி நேரத்தில் கார்டிசால் எனும் மன அழுத்த ஹார்மோன் உச்சத்தை எட்டுமாதலால், வார்டில் காலை ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்தை நலமுடையோரிடம் பகல் பதினொரு மணிக்கு எடுத்த ரத்தத்தோடு ஒப்பிடுவதில் பயனில்லை. நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எஃப். எனும் புரதம் ரத்தத் தட்டணுக்களில் சேமிக்கப்பட்டு, ரத்தம் உறையும்போது வெளிப்படுகிறது. அதனால் சீரத்தில் அதன் அளவு, உறையாத ரத்தத்தின் நீர்மப் பகுதியான பிளாஸ்மாவில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். ஒரு குழாயை அரைமணி நேரமும் இன்னொன்றை இரண்டு மணி நேரமும் உறையவிட்டால், நீங்கள் அளப்பது நோயை அன்று, ஆய்வகப் பணியாளரின் வேலைநேரத்தை. இரு குழுவின் குழாய்களையும் குறியீட்டு எண்ணிட்டு, ஒரே தொகுதியில் கலந்து வைத்து அளக்கச் செய்யுங்கள்.

எம்.ஆர்.ஐ. படங்களில் தலையசைவைத் தனியே பதிந்துகொள்ளுங்கள். கருவிக்குள் சற்றே அசைபவரின் மூளைப் புறணி உள்ளதைவிட மெலிந்ததாகக் கணக்கிடப்படும், பதற்றத்தில் இருக்கும் நோயாளர்கள் கூடுதலாக அசைவதும் இயல்பு.

விட்டுப்போனவற்றைப் புள்ளியியல் திருத்தத்தால் பின்னர் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. நோயாளர்களில் பெரும்பாலோர் புகைப்பவர்களாகவும் ஒப்பீட்டுக் குழுவினர் அனைவரும் புகைக்காதவர்களாகவும் இருந்தால், எந்தச் சமன்பாடும் நோயின் விளைவையும் புகையின் விளைவையும் நம்பத்தகுந்தவாறு பிரித்துத் தராது. புகைப்பவர்களையும் நலமுடையோர் குழுவில் சேர்த்து மாதிரி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.