தல்மூதை எங்கிருந்து தொடங்கலாம்?

யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதை முதல் நூலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ‘பாவா மெட்சியா’ நூலின் இரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். யூதப் பாடசாலைகளில் புதிய மாணவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லித்தரும் பகுதி இது. தாள் எண் 21, முன்பக்கம். 1520களில் வெனிஸில் அச்சான பதிப்பின் தாள் எண்களையே பிற்காலப் பதிப்புகளும் பின்பற்றுவதால், எந்தப் பதிப்பிலும் இதே இடத்தில் கிடைக்கும்.

கண்டெடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு. காசோ தானியமோ சிதறிக் கிடந்தால் எடுத்தவருக்கே. காசு பையோடு கிடந்தாலோ, மூன்று காசுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலோ ஊரறிய அறிவித்து உரியவரைத் தேட வேண்டும். எவ்வளவு அழகான நுணுக்கம்!

முதலில் மூலச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் பத்தியை மட்டும் இரண்டு மூன்று முறை வாசியுங்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அது எபிரேயத்தில், சுருக்கமாக இருக்கும். அதன்பின் வரும் கெமாரா, அதாவது மிஷ்னாவைப் பற்றிய விவாதம், பெரும்பாலும் அரமேய மொழியில் இருக்கும். எபிரேயம் மட்டும் தெரிந்தவர்கள் இங்கேதான் திணறுவார்கள். தானியம் எந்த அளவு சிதறியிருந்தால் ‘சிதறியது’ என்று கொள்வது எனக் கெமாரா உடனே கேட்கிறது. நான்கு முழப் பரப்பில் ஒரு ‘கவ்’ (பழைய முகத்தல் அளவு) என்பது ரபி ஈசாக்கின் பதில். தடுமாறும் இடத்தில், பக்கத்தின் தையல் ஓரமாக அச்சிட்டிருக்கும் இடைக்கால உரையாசிரியர் ராஷியின் உரையைப் பாருங்கள். அரமேயச் சொற்களுக்கு ஜாஸ்ட்ரோவின் அகராதி போதும். செஃபாரியா இணையதளத்தில் அதுவும் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசம்.