முதல் சிந்தசைசர்: குமிழ்களைப் பார்த்து வாங்குங்கள்

"இதுல எத்தனை சவுண்டு இருக்கு?" முதல் சிந்தசைசர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். கீபோர்டு வாங்கும்போது சரியான கேள்விதான். ஆனால் சிந்தசைசரில் ஒலியை உருவாக்கப் போவதே நாம்தான்.

படி 1: முதலில் கணினியில் பழகுங்கள்

கணினியிலேயே இயங்கும் மென்பொருள் சிந்தசைசர்கள் உண்டு. அவற்றில் சர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம். வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஏதாவது ஒன்றை நிறுவி, வெற்று ஒலியிலிருந்து தொடங்குங்கள். ஒலி அலையை உருவாக்கும் ஆசிலேட்டரில் ரம்பப்பல் வடிவ அலையை வையுங்கள். தேனீக்கூட்டம் போல இரையும். லோ-பாஸ் ஃபில்டர் ஒலியின் கூர்மையான மேல்பகுதியை வடிகட்டும். எங்கிருந்து வடிகட்ட வேண்டும் என்ற எல்லையான கட்-ஆஃபைக் குறைத்தால், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்பது போல மங்கும். ஒலி எப்படி எழுந்து அடங்க வேண்டும் என்று தீர்மானிப்பது என்வலப். அதில் அட்டாக்கை, அதாவது எழும் நேரத்தைக் கூட்டினால், ஒலி சட்டென்று வராமல் மெல்ல எழும். ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் மூன்றும் பிடிபடும் வரை காசை எடுக்க வேண்டாம்.

படி 2: திருகும் குமிழ்களை எண்ணுங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரின் முகப்பில் ஆசிலேட்டர், மிக்சர், ஃபில்டர் என்று ஒலி போகும் வழியே இடமிருந்து வலமாக இருக்கும். பார்த்தாலே பாடம். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் குமிழ்களுக்குப் பதில் பொத்தான்களும் ஒரு சிறு திரையும்தான். ஒலி அருமை, ஆனால் உள்ளே நுழைந்து மாற்றப் பொறுமை வேண்டும். பலர் அதில் ஏற்கெனவே இருந்த ஒலிகளோடு நின்றுவிட்டார்கள். முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் தனிக் குமிழ் உள்ளதையே முதலில் தேடுங்கள்.

படி 3: ஒரே நேரத்தில் எத்தனை சுரம்?

கனத்த கீழ்ச்சுரமான பேஸ், மெட்டை வாசிக்கும் லீட் மட்டும் போதுமென்றால் ஒற்றைக் குரல் கொண்ட, அதாவது ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் கோர்க் மோனோலாக் மாதிரி ஒன்று போதும். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டு வாசிக்க ஆசையென்றால் நான்கு குரல் உள்ள கோர்க் மினிலாக். ஆர்ட்டூரியா மைக்ரோஃப்ரீக்கிலும் நான்கு சுரம் சேர்ந்து ஒலிக்கும், ஆனால் எல்லாம் ஒரே ஃபில்டர் வழியாகத்தான் வெளிவரும். அதன் கட்டைகள் அழுந்தாத தொடுதட்டு. பியானோ பழகிய கை கொஞ்சம் திண்டாடும். கோர்க்கின் வோல்கா கீஸ் சின்னது, எளிது. உருவாக்கிய ஒலியைச் சேமிக்க மட்டும் அதில் வழியில்லை.

படி 4: பின்பக்கத்தைப் பாருங்கள்

பலவற்றில் ஸ்பீக்கர் இருக்காது, ஹெட்போன் வேண்டும். யுஎஸ்பி துளை இருப்பதால் ஒலியும் அதில் போகும் என்று நினைக்காதீர்கள். பல கருவிகளில் அது மிடிக்கு மட்டும். மிடியில் போவது எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்ற தகவல், ஒலி அல்ல. இது தெரியாமல் ஒரு மாலை முழுக்கக் கேபிளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒலிப்பதிவுக்கு, கருவியின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸ் தனியாகத் தேவைப்படலாம்.

படி 5: கையில் வைத்துப் பாருங்கள்

பழையது வாங்குவதானால் எல்லாக் கட்டையையும் அழுத்துங்கள், எல்லாக் குமிழையும் திருகுங்கள். கரகரப்பு வந்தால் உள்ளே தூசியோ தேய்மானமோ இருக்கும். பிறகு, கணினியில் செய்து பழகிய அந்த மங்கிய, மெல்ல எழும் ஒலியை இந்தக் கருவியில் உருவாக்குங்கள். கையேட்டைத் திறக்காமல் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால், அதையே வாங்கிக்கொள்ளலாம்.