சதுர அட்டவணையை லிங்கேஜுக்கு அப்படியே கொடுக்காதீர்கள்

மழை அளவை வைத்துக் குமரி மாவட்ட மழைமானி நிலையங்களைக் குழு பிரிக்கிறீர்களா? பேச்சிப்பாறையும் பெருஞ்சாணியும் ஒரே கிளையில் சேர்கின்றனவா, கொட்டாரமும் மயிலாடியும் தனியே நிற்கின்றனவா என்று பார்க்க பைத்தானில் சைபை (SciPy) என்ற அறிவியல் கணக்கீட்டு நூலகத்தின் லிங்கேஜ் (linkage) போதும்; ஒத்தவற்றைப் படிப்படியாக இணைத்துக் குழுமரம் கட்டும் செயற்கூறு அது.

ஆனால் நிலையங்களுக்கு இடையிலான வேறுபாட்டை நீங்களே சதுர அட்டவணையாகக் கணக்கிட்டு வைத்திருந்தால், அதை முதலில் அதே நூலகத்தின் ஸ்குவேர்ஃபார்ம் (squareform) வழியாக, ஒவ்வொரு இணையின் தூரமும் ஒருமுறை மட்டும் வரும் ஒற்றைப் பட்டியலாகச் சுருக்குங்கள். இல்லாவிட்டால் லிங்கேஜ் அதை மூலத் தரவாக எடுத்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை மறுபடியும் தூரம் கணக்கிடும். ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். மரப்படம் அழகாகவே வரும், விடை தப்பாக இருக்கும்.

அப்புறம், குழுக்களுக்கு இடையிலான தூரத்தை எப்படி அளப்பது என்ற மெத்தட் (method) சொல்லாவிட்டால், மிக நெருங்கிய இரு நிலையங்களின் தூரத்தை மட்டும் பார்க்கும் 'சிங்கிள்'தான் ஓடும். அது நிலையங்களைச் சங்கிலியாகக் கோத்துவிடும். மழைத் தரவுக்கு, எல்லா இணைகளின் சராசரித் தூரத்தைப் பார்க்கும் 'ஆவரேஜ்' நல்லது. ஆயிரக்கணக்கில் வரிசைகள் இருந்தால் இதே வேலையை வேகமாகச் செய்யும் ஃபாஸ்ட்கிளஸ்டர் (fastcluster) நூலகத்தை நிறுவி, இம்போர்ட் வரியை மட்டும் மாற்றுங்கள்.