சாண்ட்பேங்க்ஸ் ஏரிக்கரையில் ஒரு பகல்: முதல் தடவை போகிறவர்களுக்கு

"ஏரி" என்ற சொல்லே முதலில் ஏமாற்றும். ஊர்க் குளத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒன்ராறியோ ஏரியில் இறங்கக் கூடாது. நீளம் 311 கி.மீ., அகலம் 85 கி.மீ., மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது. கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கும் இது புதுசுதான். உப்பு இல்லாததால் உடம்பு கடலில் மிதக்கிற அளவுக்கு மிதக்காது. அலைகள் கடலைவிட நெருக்கமாக வரும். ஒன்று மோதி நிமிர்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

கனடாவின் ரொறன்ரோவிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மணி நேர ஓட்டத்தில், இந்த ஏரியின் கரையில் இருக்கும் சாண்ட்பேங்க்ஸ் மாகாணப் பூங்காவை வைத்தே இந்தத் திட்டம். வசாகா போன்ற மற்றக் கரைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படி 1: அனுமதிச் சீட்டு (5 நாள் முன்னால்)

ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் வாசலில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஒன்ராறியோ பார்க்ஸ் இணையதளத்தில் பகல் நேர வாகனச் சீட்டை 5 நாள் முன்னால், காலை 7 மணியிலிருந்து எடுக்கலாம். வண்டியின் இலக்கத் தகடு எண்ணைக் கையில் வைத்திருங்கள். சீட்டு ஆளுக்கல்ல, வண்டிக்கு. சித்தப்பா குடும்பம் தனி வண்டியில் வந்தால் அவர்களுக்குத் தனிச் சீட்டு வேண்டும். இரண்டு வண்டி போய் ஒன்று மட்டும் உள்ளே நுழைவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் கூத்து.

படி 2: எந்தக் கரை

பூங்காவுக்குள் மூன்று கரைகள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவுட்லெட் கரைதான்: மணல் மெதுவாகச் சரியும், நெடுந்தூரம் ஆழம் குறைவு. டூன்ஸ் கரை வெஸ்ட் லேக் என்ற சிறிய ஏரியில் இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும். ஆனால் மணல்மேடு சில இடங்களில் நேராக ஆழத்துக்குள் இறங்குகிறது. இரண்டடி தள்ளி வைத்தால் கால் எட்டாது. சாண்ட்பேங்க்ஸ் கரை நடக்க அருமை. மூன்றிலும் உயிர்காப்பாளர் கிடையாது. அந்த வேலை உங்களுடையது.

படி 3: முதல் நாள் மாலை, சாப்பாடு

ஆறு பேருக்கு 12 லிட்டர் தண்ணீர். அதில் அரை லிட்டர் போத்தல்கள் ஆறை, விளிம்பு வரை நிரப்பாமல் தோள் வரை மட்டும் நிரப்பி உறைய வையுங்கள். அவைதான் ஐஸ், உருகினால் குடிநீர். கூலர் இரண்டு வேண்டும்: குடிபானத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் ஜூஸ் எடுக்கத் திறக்கிற பெட்டியில் சாப்பாடு குளிராக இருக்காது.

சோறு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். விடிய 5 மணிக்குப் பிரியாணி செய்து, துவாலையில் சுற்றி, மதியம் 1 மணிக்குப் பரிமாறுவது வழக்கம். சோறு 4 முதல் 60 பாகை செல்சியஸுக்கு இடையில் பல மணி நேரம் கிடந்தால், சமையலில் சாகாத நுண்ணுயிர் வித்துகள் முளைத்து நஞ்சு சுரக்கும். அதைத் திரும்பச் சூடாக்கினாலும் நஞ்சு போகாது. செய்யவேண்டியது இது: முதல் நாள் மாலையே செய்து, அகன்ற தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் குளிர்ந்தபடியே கூலருக்குள். சூடாகத்தான் வேண்டுமென்றால் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கிய தெர்மோ பாத்திரத்தில், ஆவி பறக்கப் போட்டு மூடுங்கள். சூட்டுச் சோற்றைக் கூலரில் வைத்தால் ஐஸும் போச்சு, சோறும் போச்சு.

கரைக்குப் புளிச்சாதம் நல்ல தேர்வு. ரோல்ஸ், பற்றீஸ் உள்ளே இறைச்சி என்றால் வெளியே இரண்டு மணி நேரம்தான். 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவர நினைக்க வேண்டாம்.

படி 4: காலையில் காற்றைப் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

எல்லாரும் வெயிலைப் பார்க்கிறார்கள். ஏரியை நடத்துவது காற்று. கரையில் தண்ணீரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு பிடி உலர்ந்த மணலை இடுப்பளவில் விடுங்கள். மணல் உங்களை நோக்கி வந்தால் காற்று ஏரியிலிருந்து வருகிறது: அலை பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மிதக்கும் பொருள் கரைக்கு வந்து சேரும். மணல் ஏரிப்பக்கம் பறந்தால் காற்று தரையிலிருந்து வீசுகிறது. அப்போது கரையோரம் கண்ணாடி போல் அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் பிள்ளையை ஊதிய அன்னப்பறவை மிதவை மேல் உட்கார வைப்பார்கள். ஐம்பது மீட்டர் தாண்டியதும் காற்று அதைப் பாய்மரம் போலத் தள்ளும். எந்த நீச்சல்காரரும் துரத்திப் பிடிக்க முடியாது. தரைக்காற்று நாளில் ஊதும் மிதவைகளை வண்டியை விட்டே இறக்காதீர்கள்.

அதே காற்று இன்னொன்றும் செய்யும். மேலே மிதக்கும் சூட்டு நீரை ஒதுக்கித் தள்ளினால், அடியிலிருந்து குளிர்நீர் மேலே வரும். நேற்று இதமாக இருந்த தண்ணீர் இன்று உறைய வைக்கும். 15 பாகைக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று குதித்தால் மூச்சு அடக்க முடியாமல் இழுக்கும். அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போவதுதான் ஆபத்து. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று படிப்படியாக இறங்குங்கள். தவறி விழுந்துவிட்டால் முதல் ஒரு நிமிடம் நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள்.

அலை இடுப்பளவு எழுந்தால் அன்று குளிப்பு இல்லை. மணல்தான்.

படி 5: தண்ணீருக்குள் இறங்கும்போது

பூங்கா தண்ணீர்த் தர அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். கன மழைக்குப் பின் 48 மணி நேரம் தலை நனைக்க வேண்டாம். ஓடைகள் கழிவைக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். பச்சைப் பெயின்ட் கொட்டியது போலத் தெரிந்தால் அது நீலப்பச்சைப் பாசி. காலைக்கூட வைக்காதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் எடைக்கு ஏற்றது வேண்டும். போட்டுப் பட்டிகளை இறுக்கி, தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் பெரிசு. கையில் மாட்டும் காற்றுப்பை விளையாட்டுச் சாமான், பாதுகாப்பு அல்ல. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை எப்போதும் பெரியவரின் கை எட்டும் தூரத்தில்.

பத்துப் பெரியவர்கள் கரையில் இருந்தால் பத்துப் பேரும் "இன்னொருவர் பார்க்கிறார்" என்று நினைப்பார்கள். அதனால் முறை வையுங்கள்: ஒருவருக்கு 15 நிமிடம், கழுத்தில் ஒரு விசில், கைபேசி கையில் இல்லை. அடுத்தவர் விசிலை வாங்கி மாட்டிய பிறகே முதலாமவர் திரும்பலாம். மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை, கை ஆட்டுவதுமில்லை. வாய் நீர்மட்டத்தில், தலை பின்னால் சாய்ந்து, உடம்பு நேராக நிற்பது போல இருந்தால் அதுதான். கேள்வி கேட்டுப் பதில் வராவிட்டால் உடனே போங்கள், மிதக்கும் எதையாவது எடுத்துக்கொண்டு. இன்னொருவர் 911-ஐ அழைத்து, எந்தக் கரை, எந்த வாசல் பக்கம் என்று சொல்லட்டும்.

நீரோட்டம் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். மிதந்து, கரைக்குச் சமாந்தரமாக விலகி, பிறகு திரும்புங்கள்.

படி 6: மணலில்

கூடாரத்தின் கம்பி முளை உலர் மணலில் நிற்காது. துணிப்பைகளில் மணல் நிரப்பி மூலைகளில் கட்டி, பாதியளவு புதையுங்கள்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30, வண்டியிலிருந்து இறங்கும் முன்பே. ஒரு பெரியவர் உடம்பு முழுக்கப் பூச ஏறக்குறைய 30 மி.லி. தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம், குளித்துத் துடைத்ததும் மறுபடி. கறுத்த தோலும் எரியும். சிவப்பது கண்ணுக்கு எளிதில் தெரியாது, அவ்வளவே.

மணல்மேட்டுப் புல்லுக்குள் பிள்ளைகளை விடாதீர்கள். மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் புல்தான். ஓரங்களில் பாய்சன் ஐவியும் உண்டு: மூன்று இலைகள், நடு இலைக்கு மட்டும் நீண்ட காம்பு. பட்டால் சோப்பு போட்டுக் குளிர்நீரில் உடனே கழுவுங்கள்.

இடி கேட்டால் எல்லாரும் வண்டிக்குள். கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் இறங்கலாம். கூடாரம் ஒதுங்கும் இடமல்ல.

படி 7: புறப்படும் முன்

குளித்து ஏறியதும் துவாலையால் அழுத்தித் துடையுங்கள். வாத்தும் நத்தையும் உள்ள ஓரங்களில் ஒட்டும் நுண்புழு, நீர் தானாக உலரும்போது தோலுக்குள் போய் அரிப்பைக் கொடுக்கும். வீட்டில் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம், முடியோரம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இந்தப் பக்கத்து உண்ணிகள் லைம் நோயைப் பரப்பக்கூடியவை. ஒட்டியிருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எண்ணெய் தடவவோ தீக்குச்சி வைக்கவோ வேண்டாம்.